கத்தியைக் குறை சொல்லும் முன்



“ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சாயங்காலமே வந்துவிடுகிறது. சதைப் பரிசோதனைக்கு மட்டும் ஏன் ஐயா இத்தனை நாள்?” வார்டுகளில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. சில வேளைகளில் இதைவிடக் கலக்கமான கேள்வியும் வருவதுண்டு. “மறுபடியும் வெட்டிப் பார்க்க வேண்டுமென்று லேபில் சொன்னார்களாம். அப்படியானால் இன்னொரு ஆபரேஷனா?”

ஆபரேஷன் அல்ல. மறுபடியும் வெட்டப்படுவது, ஏற்கெனவே நோயாளியிடமிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறு திசுத் துண்டுதான். அதை ஏன் மறுபடி வெட்ட நேரிடுகிறது, வெட்டும்போது என்னென்ன கோளாறுகள் வருகின்றன, அவற்றின் காரணத்தை ஆய்வகத்தார் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை இந்த இதழில் விளக்க விரும்புகிறோம். திசு ஆய்வகத்தில் பணிபுரியும் சகோதர சகோதரிகளிடம் கேட்டும், அவர்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை எளிய முறையில் தருகிறோம்.

மெழுகில் பதிக்கப்படும் துண்டு

நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்க வேண்டுமானால் அதன் வழியே ஒளி ஊடுருவ வேண்டும். அதற்கு அந்தத் துண்டு 3 முதல் 5 மைக்ரான் கனத்தில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். முடியை நீளவாக்கில் பதினைந்து இருபது தகடுகளாகச் சீவினால் ஒவ்வொன்றும் எவ்வளவு மெல்லியதாக இருக்குமோ, அவ்வளவு மெல்லியதாகச் சதையைச் சீவ வேண்டும்.

பச்சைச் சதையை அப்படிச் சீவ முடியாது. ஆகவே முதலில் அதைப் பார்மலினில் ஊறவைத்து, அழுகாமல் கெட்டிப்படுத்துகிறார்கள். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் பெர்டினாண்ட் புளூம் கிருமிநாசினியாகப் பார்மலினைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அது பட்ட தம் விரல்களின் தோல் கெட்டியாவதைக் கவனித்தார். அதிலிருந்து 1893-ல் அவர் வெளியிட்ட முறையே இன்றுவரை உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. பார்மலினுக்குப் பின் படிப்படியாக வீரியம் கூட்டிய ஆல்கஹாலில் வைத்துத் திசுவிலுள்ள நீரை நீக்குகிறார்கள். அடுத்து சைலீன் என்னும் திரவத்தால் ஆல்கஹாலை நீக்குகிறார்கள். கடைசியாக, உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே புகுந்து நீர் இருந்த இடத்தையெல்லாம் நிரப்புகிறது. இதற்கு ஓர் இரவு முழுதும் ஆகும். மறுநாள் மெழுகு உறைந்து சிறு கட்டியாகிறது. அதை ‘பிளாக்’ என்கிறார்கள்.

பிளாக்கைச் சீவும் கருவிக்கு மைக்ரோடோம் என்று பெயர். கைப்பிடிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றினால் பிளாக் மேலிருந்து கீழிறங்கிக் கத்தியின்மேல் ஒரு சீவல் கொடுக்கும். மீண்டும் மேலே போகும்போது 4 மைக்ரான் முன்னேறி நிற்கும். சார்லஸ் மைனாட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1886-ல் அமைத்த சக்கர மைக்ரோடோமின் வழியில் வந்தவையே இன்றைய கருவிகள். அடுத்தடுத்த சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன் போல் வரும். அந்த ரிப்பனை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுத்து, உலர்த்திச் சாயமேற்றி, நோயியல் மருத்துவரின் மேசைக்கு அனுப்புகிறார்கள்.

ஐம்பது சுற்றில் தீர்ந்துபோகும்

இதில் ஒரு கணக்கை நாம் மனதில் வைக்க வேண்டும். இரைப்பைக்குள் குழாய்விட்டு எடுக்கும் துணுக்கு அரிசிமணியை விடச் சிறியது. ஊசியால் எடுக்கும் துண்டு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள நூல் போன்றது. ஒரு மில்லிமீட்டரை 4 மைக்ரானாகச் சீவினால் 250 சீவல்கள் கிடைக்கும். தாராளமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் மேல் மெழுகை நீக்கித் திசு முழுதும் வெளிப்படுவதற்காக ஆரம்பத்தில் கனமாகச் சீவுவார்கள். கை மறந்து 20 மைக்ரான் அளவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், 50 சுற்றில் அந்தத் துண்டு முழுவதும் குப்பைத்தட்டில் விழுந்திருக்கும். அப்போதுதான் நோயாளியை மறுபடியும் மேசையில் படுக்கவைக்க நேரிடும்.

எனவே சீவல் சரியாக வரவில்லை என்றால், “இன்னும் இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்போம்” என்று தொடர்வது ஆபத்து. ஒவ்வொரு முயற்சியும் நோயாளியின் திசுவில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. நல்ல டெக்னீஷியன் கோளாறு கண்டவுடன் சக்கரத்தைப் பூட்டி நிறுத்திவிட்டு யோசிப்பார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பார். மூன்றை ஒருசேர மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். நாளை அதே தொல்லை மறுபடி வரும்.

கோளாறுகளும் காரணங்களும்

கோளாறு எந்த வடிவில் தெரிகிறது என்பதிலேயே காரணத்தின் சாடை இருக்கிறது.

நீளக் கோடு. ரிப்பனின் நீளவாக்கில் கீறல் ஓடினால், பிளேடின் கூர்முனையில் எங்கோ பல் விழுந்திருக்கலாம். அல்லது திசுவுக்குள் கடினமான ஒன்று இருக்கலாம்: சுண்ணாம்புப் படிவு, பழைய தையல் நூல் போன்றவை. பிளேடைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, புழங்காத முனையால் ஒரு சீவல் எடுத்தால் விடை தெரிந்துவிடும். கோடு மறைந்தால் குற்றம் பிளேடில். திசுவின் அதே இடத்தில் மீண்டும் வந்தால் குற்றம் பிளாக்கில். சுண்ணாம்பானால் பிளாக்கின் முகத்தைச் சிறிது நேரம் அமிலக் கரைசலில் வைத்து இளக்குவார்கள். நூலானால் முள்ளால் மெதுவாக எடுத்துவிடுவார்கள்.

குறுக்கு வரிகள். ஜன்னல் பலகைகளைப் போல, தடித்த கோடும் மெலிந்த கோடும் மாறி மாறிக் குறுக்கே தெரியும். சீவும்போது ஏதோ ஒன்று அதிர்கிறது என்று அர்த்தம். பிளாக்கோ பிளேடோ இறுக்கமாகப் பூட்டப்படாமலிருக்கலாம். பிளேடு அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கலாம். சக்கரத்தை வேகமாகச் சுற்றியிருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் வரிகள் போகவில்லையானால், திசு ஆல்கஹாலில் அதிக நேரம் இருந்து காய்ந்து கட்டையாகிவிட்டது எனலாம். பெரிய துண்டுகளுக்கு ஏற்ற நேரத்தில் சிறு துணுக்குகளையும் சேர்த்து வைத்தால் இப்படி ஆகும். பிளாக்கின் முகத்தைப் பனிக்கட்டியின்மேல் வைத்து ஈரமும் குளிர்ச்சியும் ஏற்றினால் பெரும்பாலும் நிலைமை சீராகும்.

ஒன்று கனம், ஒன்று மெலிவு. ஒரு சீவல் தடியாகவும் அடுத்தது மெல்லியதாகவும் வந்தால், அல்லது ஒன்றுவிட்டு ஒன்று வந்தால், முதலில் எல்லாத் திருகுகளையும் சோதிக்க வேண்டும். அடுத்து பிளேடின் சாய்வு. பிளேடுக்கும் பிளாக்கின் முகத்துக்கும் இடையே சில டிகிரி இடைவெளி வேண்டும். அது போதாவிட்டால் பிளாக் பிளேடை உரசி நழுவிவிடும்.

நெருக்கமும் சுருக்கமும். சீவல் பிளாக்கை விடக் குட்டையாகக் கசங்கி வந்தால், பிளேடு மழுங்கியிருக்கிறது அல்லது மெழுகு இளகியிருக்கிறது. மே மாதப் பகலில் இந்தத் தொல்லை மிகுதி. அதனால்தான் நுணுக்கமான பிளாக்குகளைக் காலையிலேயே முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். பனிக்கட்டித் தட்டும் மேசையிலேயே இருக்கிறது.

வளைந்த ரிப்பன். பிளாக்கின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் பிளேடுக்கு இணையாக இல்லை. ஓரத்து மெழுகைச் செதுக்கி நேராக்கினால் ரிப்பனும் நேராகும்.

குழியும் உதிர்வும். திசு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் விழும், அல்லது திசு மெழுகை விட்டுக் கழன்று உதிரும். இதுவே எல்லாவற்றிலும் வருத்தமானது. ஏனெனில் மைக்ரோடோமில் எதை மாற்றினாலும் இது தீராது. முந்தின இரவிலேயே தவறு நேர்ந்திருக்கிறது. நீர் முழுதும் நீங்காததால் மெழுகு உள்ளே போகவில்லை. மெழுகை உருக்கி, வந்த வழியே பின்னோக்கிச் சென்று, திசுவை மறுபடியும் பதப்படுத்த வேண்டும். ரிப்போர்ட் ஒரு நாள் தாமதமாவது பல வேளைகளில் இதனால்தான்.

தொட்டி நீரில் வரும் தொல்லைகள். மெழுகு உருகும் வெப்பத்தைவிட 10 டிகிரி அளவுக்குக் குறைவாகத் தொட்டி நீர் இருக்க வேண்டும். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வழக்கம். குளிர்ந்திருந்தால் மடிப்புகள் விரியா. அதிகம் சூடானால் திசு பரந்து பிய்ந்து, செல்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகும்.

தேடலின் ஒழுங்கு

இத்தனை காரணங்களில் எதை முதலில் பார்ப்பது? எளிதில் சரிசெய்யக்கூடியதை முதலில் பார்ப்பதே ஆய்வக வழக்கம். பிளேடை நகர்த்துவது, திருகுகளை இறுக்குவது, பிளாக்கைக் குளிரவைப்பது, சாய்வைச் சரிபார்ப்பது. இவை நான்கும் சில நிமிட வேலைகள். இவற்றால் திசு வீணாவதில்லை. இவற்றிலும் தீரவில்லையானால் கத்தியை விட்டுப் பின்னோக்கி நடக்க வேண்டும். மெழுகில் எவ்வளவு நேரம் இருந்தது? ஆல்கஹால் எப்போது மாற்றப்பட்டது? துண்டு 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் தடியாக நறுக்கப்பட்டதா? இரவில் மின்சாரம் நின்றதா? திசுக்கூடையை ஒரு ஜாடியிலிருந்து மற்றொன்றுக்குத் தூக்கிச் செல்லும் பழைய வகைக் கருவிகளில், கூடை அந்தரத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால் திசு காற்றிலேயே உலர்ந்துவிடும். இந்த ஒரு கருவிக்காகவே தனி பேட்டரி வைத்திருக்கும் ஆய்வகங்கள் உண்டு.

அதற்கும் பின்னால் போனால் பார்மலின் ஜாடிக்கு வந்து சேர்வோம். பார்மலின் திசுவுக்குள் மெதுவாகவே செல்லும். மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்பது பொதுக்கணக்கு. முழுக் கட்டியை வெட்டாமல் அப்படியே போட்டுவைத்தால் வெளிப்புறம் கெட்டியாகும். நடுப்பகுதி அழுகத் தொடங்கிவிடும். அங்கே நேர்ந்த சேதத்தைப் பிற்பாடு எந்தக் கூரிய கத்தியும் நீக்காது. அனுபவமுள்ளவர்கள் கத்தியைக் குறை சொல்லும் முன் ஜாடியை விசாரிப்பது இதனால்தான்.

ஒரு மடிப்பு என்ன செய்யும்?

“சீவல் கொஞ்சம் கசங்கினால் என்ன, பார்ப்பவர் மருத்துவர் அல்லவா?” என்று கேட்கலாம். புற்றுநோயின் முக்கிய அடையாளங்களில் சில, செல்களின் உட்கரு கறுத்துப் பெருத்து நெருங்கியிருப்பது. சீவல் கனமாக வந்தாலோ மடிந்தாலோ சாதாரண செல்களும் கறுத்து நெருங்கியே தெரியும். எதிர்மாறாக, நோயுள்ள சிறு பகுதி குழியில் உதிர்ந்துபோனால் நோயே இல்லை என்று தோன்றும். தேர்ந்த மருத்துவர் சந்தேகம் வந்தால் கையெழுத்திடுவதில்லை. “மறுபடி வெட்டித் தாருங்கள்” என்று எழுதி அனுப்புகிறார். சில நேரம் சீவலில் குறையே இராது. நோயின் தடம் இன்னும் ஆழத்தில் இருக்கக்கூடும் என்பதற்காகவும் மறுபடி வெட்டச் சொல்வதுண்டு.

இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. ஒருவருடைய பிளாக்கிலிருந்து பிரிந்த துகள் தொட்டி நீரில் மிதந்து, அடுத்தவருடைய ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளலாம். நோயில்லாதவருடைய ஸ்லைடில் வேறொருவரின் புற்று! இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னும் மெல்லிய தாளால் நீரின் மேற்பரப்பை வழித்தெடுக்கிறார்கள். சந்தேகம் வந்தால் பிளாக்கை மறுபடி சீவிப் பார்ப்பார்கள். அந்தத் துகள் பிளாக்கிலேயே இல்லையானால், அது வந்தேறி என்பது தெளிவு. காசநோய்க் கிருமியைத் தேடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். குழாய் நீரில் வாழும் வேறு சில கிருமிகளும் அதே சாயத்தை ஏற்றுச் சிவப்பாகத் தெரியும். எனவே தொட்டியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுகிறார்கள்.

மார்பகப் புற்றுநோயில் இன்னொரு காரியமும் இருக்கிறது. கட்டியில் ஹார்மோன் ஏற்பிகள் உள்ளனவா என்று பார்த்தே பல ஆண்டுகள் உண்ணவேண்டிய மாத்திரையை மருத்துவர் தீர்மானிக்கிறார். அந்தச் சோதனை நம்பத்தக்கதாக இருக்க, திசு பார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால், இருக்கிற ஏற்பியும் இல்லை என்று வரக்கூடும். அவள் உயிரைக் காக்கும் மாத்திரை அவளுக்குக் கிடைக்காமலே போகக்கூடும். அந்த 6 மணி நேரக் காத்திருப்பை எந்தப் புதுக் கருவியாலும் வாங்கிவிட முடியாது.

உங்கள் கையில் உள்ளது

நம் சபை மக்களில் பலர், சிறிய மருத்துவமனைகளில் எடுத்த சதைத் துண்டைப் பெரிய ஆய்வகத்துக்குத் தாங்களே பேருந்தில் எடுத்துச் செல்கிறார்கள். அந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. உங்கள் சபையிலும் வாசித்துச் சொல்லுங்கள்.

1. டப்பாவின் வாய் அகலமாக இருக்கட்டும். குறுகிய வாயுள்ள பாட்டிலில் மெத்தென்று உள்ளே போகும் சதை, பார்மலினில் விறைத்தபின் வெளியே வராது. பிய்த்தெடுக்க நேரிடும்.

2. திசுவைப்போல் 10 முதல் 20 பங்கு பார்மலின் இருக்க வேண்டும். பார்மலின் இல்லையென்று தண்ணீரில் போடவேண்டாம். கெடாமலிருக்கும் என்று எண்ணி ஃப்ரீஸரில் வைக்கவும் வேண்டாம். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிடும்.

3. காசநோய்க்கான கல்ச்சர் பரிசோதனைக்கும் திசு கொடுத்திருந்தால், அந்தப் பங்கு பார்மலினில் படக்கூடாது. பார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். எந்த டப்பா எதற்கு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. நோயாளியின் பெயரும் எண்ணும் டப்பாவின்மேல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மூடியில் மட்டும் எழுதியிருந்தால், மூடிகள் மாறும்போது ஆட்களும் மாறிவிடுவார்கள்.

5. பார்மலின் விஷம். முகர்ந்து பார்க்காதீர்கள். குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாதபடி வையுங்கள்.

6. வழியில் தங்காமல் அன்றே சேர்த்துவிடுங்கள். திசு எடுக்கப்பட்ட நேரத்தைச் சீட்டில் குறிக்கும்படி கேளுங்கள்.

மற்றொன்று: வேலை முடிந்தபின் பிளாக்குகள் எறியப்படுவதில்லை. ஆண்டுக்கணக்கில் எண்ணிட்டு அடுக்கி வைக்கப்படுகின்றன. வேறு மருத்துவரின் கருத்தை அறிய விரும்பினால் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோவது போதாது. ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அதிலிருந்து புதிதாக ஒரு சீவல் எடுக்கலாம். இன்று இல்லாத ஒரு புதிய சோதனையைப் பத்து ஆண்டுகள் கழித்தும் அதில் செய்து பார்க்கலாம். ஆனால் மீதி இருந்தால்தான். அந்த மீதியைக் காப்பதற்காகவே டெக்னீஷியன் ஒவ்வொரு சுற்றையும் எண்ணிச் சுற்றுகிறார்.

எனவே இனி உங்கள் வீட்டாருக்கோ அயலாருக்கோ “மறுபடி வெட்டுகிறோம், ஒரு நாள் பொறுங்கள்” என்று செய்தி வந்தால் பதறாதிருங்கள். பதறுகிறவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஒரு நாளில், ஒருவர் பனிக்கட்டித் தட்டின் முன் குனிந்து, மூச்சுக்காற்றில் சீவல் பறந்துவிடாதபடி அடக்கமாக மூச்சுவிட்டு, நோயாளியின் பெயரை முகமறியாமலே படித்து, அவருக்காக வேலை செய்துகொண்டிருக்கிறார். ரிப்போர்ட்டில் அவர் பெயர் இராது. உங்கள் ஜெபத்தில் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.